பமிலா ஆன்ட்டியின் மை விரல்

நெயில் பாலிஷ் ரிமூவரின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருவது, குவைத்தின் மங்காஃபில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடமும், எங்கள் சாப்பாட்டு மேசையில் விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்த பமிலா வீராசாமி ஆன்ட்டியும்தான்.

பெயரைக் கேட்டு நம்மூர்க்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கரீபிய நாடுகளில் ஒன்றான கயானாவைச் சேர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன முன்னோர்களிடமிருந்து அவருக்கு மிஞ்சியவை அந்தப் பெயரும் மாரியம்மன் பக்தியும் மட்டும், பேசுவதெல்லாம் ஆங்கிலம். எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்து, என் அம்மாவோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தார். குளச்சல்காரியான அம்மா சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு, லிப்ட் ரிப்பேர் செய்ய வருகிறவர் உட்பட எதிர்ப்பட்ட எல்லாரையும் "மக்கா" என்றே கூப்பிடுவார்.

அந்த வருடம் கயானாவில் தேர்தல். எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாத, சரிக்குச் சரியான போட்டி. ஆன்ட்டி நேரில் போய் நின்றால்தான் ஓட்டு. அவருக்கோ லீவு தீர்ந்திருந்தது. கல்ஃப் நர்ஸுகளிடையே "லீவு மாத்துறது" என்றொரு வழக்கம் உண்டு, ஒருத்தியின் முறையை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். அம்மாவின் முறையை ஆன்ட்டி கேட்டார்.

"ஒரு ஓட்டுக்காவ இம்புட்டு தூரம் போவணுமாட்டி? நான் இங்க வந்த பொறவு ஓட்டே போட்டதில்ல, ஊரு ஓடாமலா கெடக்கு?" என்று அம்மா என்னிடம் புலம்பினார். புலம்பிக்கொண்டேதான், மாமா கட்டிய புது வீட்டுப் "பால்காய்ச்சு"க்காக வைத்திருந்த லீவை விட்டுக்கொடுத்தார். ஊருக்குப் போகிற ஆசை போனதில் எனக்கு ஆன்ட்டி மேல் கோபமான கோபம்.

ஓட்டுப் போட்ட கையோடு விமானம் ஏறி அவர் டியூட்டிக்குத் திரும்பியபோது அங்கே எண்ணிக்கை முடிந்திருக்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தைச் சுற்றிக் கருநீல மை. வார்டில் நகப்பூச்சுக்குத் தடை. அந்த விஷயத்தில் மகா கறாரான ஹெட் நர்ஸ், இதை உரிந்துபோன நெயில் பாலிஷ் என்றே முடிவுகட்டிவிட்டார். ஆன்ட்டி சொன்ன விளக்கத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "மாஃபி பாலிஷ்! பாலிஷே கூடாது! நாளைக்கும் இப்படி வந்தால் மெமோ" என்று ஒரு ரிமூவர் பாட்டிலைக் கையில் திணித்து அனுப்பினார். மெமோ வந்தால் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சிக்கலாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

அன்று மாலை எங்கள் மேசையில் அம்மா பஞ்சை நனைத்துத் தேய்த்தார். நெடியில் என் கண் எரிந்தது. மை மட்டும் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தபோது ஆன்ட்டி கையை இழுத்துக்கொண்டார்.

"போதும் மக்கா. அங்கே இன்னும் எண்ணி முடிக்கவில்லை. அதற்குள் நான் அழிக்க மாட்டேன்" என்றார் ஆங்கிலத்தில்.

மறுநாள் காலை அம்மாவும் ஆன்ட்டியும் எங்கள் வீட்டிலிருந்து டியூட்டி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஆன்ட்டியின் போனில் முடிவு வந்தது. ஆன்ட்டியின் கட்சி மயிரிழையில் தோற்றிருந்தது. ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் அழுது பார்த்திராத நான் மிரண்டுபோனேன். எண்ணித்தான் முடித்தாயிற்றே என்று அம்மா மெதுவாக ரிமூவர் பாட்டிலை நீட்டினார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பையில் போட்டார்.

"திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தோற்றாலும் இது என் ஓட்டு."

வார்டில் அவர் பாட்டிலை ஹெட் நர்ஸின் மேசையில் வைத்து விரலை நீட்டி, "நீங்களே துடைத்துப் பாருங்கள்" என்றாராம். பஞ்சுமேல் பஞ்சாகத் தேய்த்துப் பார்த்தவர், கடைசியில் "கலாஸ், முடிந்தது, போ" என்று விட்டுவிட்டாராம். "ஏட்டி, அவ நின்ன நிப்ப நீ பாத்திருக்கணும்" என்றார் அம்மா. என் கோபம் அன்றோடு போயிற்று.

மங்காஃபில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ஆன்ட்டி கயானாவுக்கும் அம்மா குளச்சலுக்கும் போய்விட்டார்கள். லிப்டில் "மக்கா" என்று கூப்பிட ஆளில்லை. நான் தோஹாவில், நஜ்மா பகுதியில் குடியிருந்து வேலைக்குப் போகிறேன். சென்ற தேர்தலுக்கு லீவு கேட்டபோது "ஓட்டுப் போடவா?" என்று மேனேஜர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. குளச்சலில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது, ஊர் திரும்பிய பிறகு ஒரு தேர்தலையும் விடாத என் அம்மா. நகம் வளர வளர என் விரல் மை நுனிக்கு ஒதுங்கி ஒரு கீற்றாக மிஞ்சியிருந்தது. நேற்று நகம் வெட்டியபோது அதுவும் போய்விட்டது. போகட்டும். அடுத்த தேர்தலுக்கு எனக்கு லீவு வேண்டும் என்று இன்று காலையே மேனேஜரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.