போட்டதும் அணைந்த பெட்டி

செண்பகத்திடம் அடி வாங்கியவர்கள் மயிலாப்பூரில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். பங்குனித் திருவிழா நெரிசலில் பின்னாலிருந்து கைவைத்த ஒருவனுடைய முன்பல்லை அவள் முழங்கையால் பெயர்த்தாள். வேலை பார்த்த கணினிப் பழுதுநீக்கு நிலையத்தில், பெண்ணுக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று சிரித்த மேலாளரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு அன்றே வெளியேறினாள். அதன்பின் சித்திரக்குளத்துக்கு அருகில், எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் சொந்தமாகக் கடை வைத்தாள். கையோங்குவதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டவள் அல்லேன். எனினும், அவளைப் பற்றி எழுதும்போது அதை மறைத்து எழுத இயலாது.

அவளுடைய கணவர் ஆனந்தகுமார் நேர்மாறானவர். கூரியர் பொதி கொடுக்க வந்து, தாமதத்துக்காக அவளிடம் வசை வாங்கி, அதற்கும் சிரித்தவர். அந்தச் சிரிப்புக்காகவே மணந்துகொண்டதாக அவள் சொல்வாள். தொழிலை அவரும் அவளிடமே கற்றார். கடைக்கு வரும் கணினிகளை அவள் பார்ப்பாள். அழைக்கும் இடங்களுக்கு அவர் போவார்.

சென்ற ஆண்டு ஆயுத பூசை முடிந்த இரண்டாம் நாள், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கவேல் என்பவன் நடத்தும் சுவரொட்டிக் கடைக்கு அவர் போனார். பூசை நாள் முதல் அங்கிருந்த கணினி ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி ஓர் அசைவு அசைந்து அப்படியே நின்றுவிடும். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கெட்டிருக்கும் என்று கருதி அவர் புதியதொன்றை மாட்டினார். அதுவும் உடனே அணைந்தது. கைவசம் இருந்த இன்னொன்றை மாட்டினார். அதுவும் அணைந்தது. தங்கவேல் அவர் முகத்தில் குத்தினான்.

அவனுக்கும் அன்று அச்சம் இருந்தது. அந்தப் பகுதியில் எல்லோரும் அஞ்சி நடக்கும் ஒரு கட்சிக்காரருடைய தாயார் பூசையன்று காலையில் இறந்திருந்தார். உறவினர் வரக் காத்திருந்து மூன்றாம் நாள் மாலையில் இறுதி ஊர்வலம். அதற்கு முன்னர்த் தெருவெங்கும் ஒட்டவேண்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பூசைக்கு முன்னரே வடிவமைத்துவிட்டார்கள்; அது அந்தக் கணினிக்குள் மட்டுமே இருந்தது. அச்சிட்டுத் தராவிட்டால் அவர்கள் கடையோடு தன்னையும் கொளுத்துவார்கள் என்று தங்கவேல் உறுதியாக நம்பினான்.

செண்பகத்தின் கைப்பேசி நண்பகலில் ஒலித்தது. கணவரின் எண்; பேசியது தங்கவேல்.

“உம் புருசன் ரெண்டு டூப்ளிகேட்டை மாட்டிக்கினு நிக்கிறான். நீ வந்து ஓட வச்சுட்டு ஆளை இட்டுக்கினு போ. ஸ்டேசன் கீசன்னு போனே, அவன் கை அவன்கிட்ட இருக்காது.”

அவள் ஸ்கூட்டரில் எல்டாம்ஸ் சாலை வழியாகப் பறந்தாள். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்ததும், அங்கே வேலை செய்யும் சின்னப்பையன் அதை முழுவதுமாக இழுத்து மூடினான். பெயர்தான் சின்னப்பையன், ஐம்பது வயதும் எருமைக் கழுத்தும் உடையவன்.

ஆனந்தகுமார் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தார். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் வெள்ளைக் காகிதக் கட்டின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரத்தில், கத்தி இறங்கும் முன்னர்க் காகிதக் கட்டை நகராமல் அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புப் பலகை உண்டு. மேலே உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் அது கீழே இறங்கும். அவருடைய வலக்கை அந்தப் பலகைக்கடியில் இருந்தது. தங்கவேலின் கை சக்கரத்தின்மேல் இருந்தது.

கணினி வாசலை ஒட்டித் தரையில் நின்றது. சூடு தணிவதற்காக அதன் பக்கத் தகட்டை எப்போதும் கழற்றியே வைத்திருந்தார்கள். உச்சியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. செண்பகம் சுவிட்சை அழுத்தினாள். விசிறி அசைந்தது, விளக்கு மின்னியது, எல்லாம் அணைந்தது.

தங்கவேல் சக்கரத்தைச் சுழற்றினான். ஆனந்தகுமாரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“ஒவ்வொரு தபா அணையறதுக்கும் ஒரு சுத்து. அவனுக்கும் இதான் சொன்னேன்” என்றான் தங்கவேல்.

எஸ்.எம்.பி.எஸ். கெடவில்லை என்று அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். மின்சாரம் எங்கோ போகக்கூடாத வழியில் பாய்வதை உணர்ந்து, மற்றவை கருகாதிருக்க அதுவே தன்னை நிறுத்திக்கொள்கிறது என்றாள். அதை மெய்ப்பிக்க, அதன் இணைப்புகளையெல்லாம் உருவிவிட்டுப் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தாள். தனியாக விடப்பட்ட பெட்டியின் விசிறி நிற்காமல் ஓடியது.

தங்கவேல் கணினித் திரையைப் பார்த்தான். திரை கறுப்பாகவே இருந்தது. அவன் சக்கரத்தை மீண்டும் சுழற்றினான். இம்முறை விரலெலும்பு முறியும் ஓசை அந்த அறையில் தெளிவாகக் கேட்டது.

செண்பகம் தன் கருவிப் பையிலிருந்த குறட்டைத் தூக்கிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தாள். சின்னப்பையன் இடையில் மறித்து அவளைச் செவிட்டில் அறைந்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள்; தோல் கிழிந்து வாயில் இரத்தம் கரித்தது. அவன் அவளைச் சுவரோடு மோதி வீழ்த்தினான். எழும்போது கணவரின் முகம் கண்ணில் பட்டது. அந்தச் சக்கரத்தைத் திருப்பும் வழி கணினிக்குள் மட்டுமே இருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்தாள்.

இத்தகைய பழுதைத் தேடும் முறை ஒன்று உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்க்கவேண்டும். அணைந்தால் அடுத்ததைக் கழற்றிப் பார்க்கவேண்டும். நினைவகம், வட்டு, அட்டை என்று எத்தனை பாகங்களோ அத்தனை சுற்றுகள். அந்தக் கை அதற்குத் தாங்காது. ஆகவே, எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டையே வெளியில் எடுத்து, இரும்புக் கூட்டின் தொடர்பே இல்லாமல் ஒரு காகித அட்டையின்மேல் வைத்து ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தாள். கழற்றிய திருகாணிகளில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லையாம். அவளே சொன்னாள், நான் நம்புகிறேன்.

மதர்போர்டைத் தூக்கியதும் அதற்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையிலிருந்து ஏதோ ஒன்று ‘டங்’ என்று விழுந்தது. ஒரு ரூபாய்க் காசு. அதன்மேல் குங்குமமும் சுண்ணாம்பும் காய்ந்து அப்பியிருந்தன. ஒரு பூசணி விதையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயுத பூசையன்று பூசணிக்காயைத் துளைத்து, உள்ளே குங்குமமும் சுண்ணாம்பும் காசும் இட்டு, திருஷ்டி கழித்துத் தெருவில் உடைப்பது இங்குள்ள வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டு தங்கவேல் உடைத்த பூசணியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சறுக்கி விழுந்து, இருவரும் உருண்டு புரண்டு அடித்துக்கொண்டார்கள். அதனால் இம்முறை வாசற்படிக்கு உள்ளேயே, தரை அதிர ஓங்கி உடைத்தான். சிதறிய காசுகளில் ஒன்று, தகடில்லாத பக்கமாகப் பாய்ந்து மதர்போர்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

செண்பகம் காசை எடுத்து அவனுக்குக் காட்டினாள்.

“பூசணிக்காய் யாருண்ணே உடைச்சது?”

சின்னப்பையன் தங்கவேலைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் அட்டையின்மேல் மதர்போர்டை வைத்து, கம்பிகளை இணைத்துப் போட்டாள். விசிறி சுழன்றது, நிற்கவில்லை. சுவரொட்டிக் கோப்பைத் திறந்ததும் திரையில் மாலையணிந்த மூதாட்டியின் படம் மெல்ல எழுந்தது. ஆனால் தங்கவேலின் கை சக்கரத்தைத் திருப்பவில்லை. முதலில் அச்சாகட்டும் என்றான். அப்போது அவள் அந்தக் காசை ஓடிக்கொண்டிருந்த மதர்போர்டுக்கு நேர்மேலே, இரண்டு விரல்களுக்கிடையில் தூக்கிப் பிடித்தாள்.

“கையை எடுக்க விடு. இல்லாங்காட்டி இத்த உள்ள போடுவேன். அந்தம்மா படத்தோட எல்லாம் கருகிப்பூடும். நீ போய் அவங்களுக்கு இன்னா சொல்லுவியோ சொல்லிக்க.”

விழுந்தாலும் கருகாது, இரண்டு நாள்களாகக் காப்பாற்றியதுபோல் எஸ்.எம்.பி.எஸ். மறுபடியும் நிறுத்திக் காப்பாற்றும். அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. ஆனந்தகுமார் கையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குத் தவழ்ந்தார். யாரும் சொல்லாமலேயே சின்னப்பையன் ஷட்டரைத் தூக்கினான். அவர் வெளியேறினார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தங்கவேலுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. பின்னால் வந்து அவள் பின்னலைப் பற்றி வெடுக்கென்று இழுத்தான். இழுத்த வேகத்தில் அவள் விரல்களிலிருந்து காசு நழுவி மதர்போர்டில் விழுந்தது. ஒரு பொறி பறந்தது. விசிறி நின்றது. மூதாட்டியின் படம் மறைந்தது.

அவன் திரையையே வெறித்தான். அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமாயிருந்தது. சுவரில் சாய்த்திருந்த பக்கத் தகட்டை இரு கைகளாலும் எடுத்து, அதன் விளிம்பால் அவன் முகத்தில் வீசினாள். புருவத்திலிருந்து தாடைவரை பிளந்தது. அவன் விழுந்த பின்னரும் ஒருமுறை அடித்தாள். இரண்டாவது அடி தேவையற்றது என்று நான் சொன்னபோது, அது எலும்புச் சத்தத்துக்கு என்றாள்.

காசை எடுத்துவிட்டுப் போட்டிருந்தால் கணினி மீண்டும் ஓடியிருக்கும். அதைச் சொல்லாமலேயே அவள் வெளியேறினாள். இறுதி ஊர்வலம் சுவரொட்டி இல்லாமலேயே புறப்பட்டது. அன்று மாலை தங்கவேலின் கடைக்கு வந்தவர்கள் ஷட்டரையும் அச்சு இயந்திரத்தையும் அடித்து நொறுக்கினார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு இருந்த அவனையும் விட்டுவைக்கவில்லை. அவன் இப்போது ஆதம்பாக்கத்தில் மைத்துனர் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. இரு தரப்பும் கொடுத்த புகார்கள் காவல் நிலையத்தில் அப்படியே கிடக்கின்றன.

ஆனந்தகுமாரின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கடையில் அவர் இடக்கையால் விளக்கைப் பிடிக்கிறார். செண்பகம் திருகாணிகளைக் கழற்றுகிறாள். போட்டதும் அணைந்துவிடுகிறது என்று எவரேனும் கணினியைக் கொண்டுவந்தால், அவள் சுவிட்சைத் தொடுவதே இல்லை. முதலில் அதைக் கவிழ்த்துத் தூக்கிக் குலுக்குகிறாள். எப்போதாவது உள்ளிருந்து ஒரு திருகாணி தரையில் விழும். அந்தச் சத்தம் கேட்டதும் ஆனந்தகுமார் வலக்கையை மார்போடு சேர்த்துக்கொள்கிறார்.