பின்னால் எடுக்காத பெரியண்ணன்

வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே பன்னிரண்டு வருஷமாக ஜீப் ஓட்டிய பெரியண்ணனுக்கு, போன தை மாதத்துக்குப் பிறகு வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. ஓட்டத் தெரியாமல் போய்விடவில்லை. கையும் காலும் அப்படியேதான் இருந்தன. கியரை ரிவர்சுக்குத் தள்ளப் போனால் மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே மரத்துவிடும். கையை எடுத்துக்கொள்வான்.

அந்தத் தை மாதக் காலையில் வீட்டு வாசலில் சாமை காயப்போட்டிருந்தார்கள். வண்டி அதை ஒட்டி நின்றது. அவன் மனைவி மகேஸ்வரி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிய சாமையைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் வண்டியைக் கிளப்பினான். பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயர் கண்ணாடியில் பாதியை மறைத்தது. எப்போதும் மறைப்பதுதான். வண்டி ஒரு மூட்டையின் மேல் ஏறி இறங்கியது போல இருந்தது. மூட்டை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடிதான் இறங்கினான்.

அவளை அதே வண்டியில் கிடத்தி மலையிறங்கினான். இடது தொடை எலும்பும் இடுப்பும் உடைந்திருந்தன. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை, பிறகு ஊன்றுகோல், பிறகு கோல் இல்லாமல் சாய்ந்து சாய்ந்து நடை. ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகேஸ்வரி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான்தான் கவனிக்கல." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான், அழுதாவது தீர்த்திருப்பான். அவள் அதற்கு வழி விடவில்லை.

அதிலிருந்து அவன் நாள் முழுவதும் ஒரே கணக்கில் ஓடியது: உள்ளே போனால் நேராகவே வெளியே வர முடியுமா? வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோவதை நிறுத்தி ரோட்டிலேயே விட்டான். கள்ளக்குறிச்சியில் மற்ற ஜீப்புகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், முகம் ரோட்டைப் பார்க்கும்படி ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். டீ குடிக்க வேண்டுமென்றாலும் வளைந்து வெளியேற இடமுள்ள கடையாகப் பார்த்தான். ரோடு யாராவது ஒருவர் கொல்லையில் போய் முடிகிற குக்கிராமங்களுக்குச் சவாரி என்றால், கிளட்ச் சரியில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தான்.

அப்படித்தான் ஒருநாள் கூட்டாளி சின்னராசு ஓடி வந்தான். அவன் அம்மாவுக்கு நெஞ்சு வலி. அவர்கள் வீடு இருக்கும் இடத்தில் வண்டி திரும்ப இடம் கிடையாது. ஐம்பதடி பின்னாலேயே வர வேண்டும். "கிளட்ச் வயர் அறுந்துபோச்சுடா" என்றான் பெரியண்ணன். சின்னராசு அம்மாவைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொண்டுபோனான். கிழவி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்று மதியமே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் கச்சிராயபாளையம் தாண்டிப் போனதைச் சின்னராசு பார்த்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

ஆடி மாதத்தில் விஷயம் வெளியே வந்தது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது, ஒரு குறுகலான வளைவில் மினி பஸ் ஒன்று எதிரே ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். முப்பதடி பின்னால் போனால் ஒதுங்க இடம் இருந்தது. பெரியண்ணன் நகரவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு பைக்குகள் வந்து நின்றன, பிறகு ஒரு லாரி.

பஸ் டிரைவர் ராஜாங்கம் இறங்கி வந்தார். "யோவ், இன்னாயா? தூங்கிக்கினு கீறியா? எடு பின்னாடி!"

பெரியண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. ராஜாங்கம் திட்ட வாயெடுத்தவர், அவன் கையைப் பார்த்தார். குரலை இறக்கினார். "எறங்கு. நான் எடுக்கறேன்."

எட்டுப் பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, ஜீப்பின் சொந்தக்காரன் ரோட்டோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். ராஜாங்கம் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து ஒதுக்கிவிட்டு இறங்கினார். "ஒரு கேமரா மாட்டிக்கயா. பின்னாடி இன்னா இருக்குதுன்னு டிவி மாதிரி தெரியும். இப்ப எல்லாரும் மாட்டிக்கினுதான் கீறானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்துக்குள் மலையில் அவன் வண்டிக்கு 'நேரா போற ஜீப்பு' என்று பேர் விழுந்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையில் நவுஷாத் என்பவன் கார்களுக்கு சீட் கவர், பாட்டுப் பெட்டி, கேமரா மாட்டும் கடை வைத்திருந்தான். பெரியண்ணன் போய் நின்றதும், "உள்ள வுடுங்கண்ணே" என்று கை காட்டினான். கடை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. மறுபக்கம் வழி இருக்கும் என்று நினைத்து பெரியண்ணன் உள்ளே விட்டான். முன்பக்கத் தகடு இடிக்கிற அளவுக்கு வந்தபிறகுதான் எதிரே சுண்ணாம்படித்த சுவர் இருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் சுவர். வெளியே போக ஒரே வழி, பின்னால்.

நவுஷாத் வேலையைத் தொடங்கியிருந்தான். நம்பர் பிளேட் விளக்கைக் கழற்றி, பக்கத்தில் சின்னதாகத் துளை போட்டு, கட்டைவிரல் பருமனுக்கு இருந்த கேமராவைப் பொருத்தினான். அதன் வயரைப் பின்கதவின் ரப்பர் குழாய் வழியாக உள்ளே இழுத்து, மிதியடிக்கு அடியில் ஒளித்து, கதவோரமாகவே முன்னால் கொண்டுவந்து டேஷ்போர்டில் ஒட்டிய திரையில் சொருகினான். "ஒரு சேப்பு வயர் மட்டும் பாக்கி. ரிவர்ஸ் பல்புல குடுத்தா, நீங்க ரிவர்ஸ் போட்டதும் தானா எரியும்." பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. "வெள்ளிக்கெழமை அண்ணே. தொழுதுட்டு ஓடி வந்துர்றேன். உள்ளயே குந்துங்க, ஃபேன் போட்டுட்டுப் போறேன்."

பெரியண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு ஓரிடத்தில் உப்பி உரிந்திருந்தது. எத்தனையோ இரவுகள் கனவில் இதேபோல ஒரு சுவரைக் கண்டிருக்கிறான். அவன் வண்டி அதன் முன்னால் நிற்கும், பின்னால் மகேஸ்வரி இருப்பாள்.

கால் மணி நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பக்கத்து டைல்ஸ் கடையிலிருந்து சரக்கு வண்டி ஒன்று வெளியே வர வேண்டும். கடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஜீப்பின் வால் வழியை அடைத்திருந்தது. "யாருங்க வண்டியில? பின்னாடி எடுத்து ரோட்டோரமா ஒதுக்கிக்கங்க, நாங்க போய்க்கறோம்!"

சாவி வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் சத்தமில்லாமல் உருவிக் கைக்குள் மூடினான். "சாவி பாய்கிட்ட கீது" என்று ஜன்னல் வழியாகச் சொன்னான். அவர்கள் நவுஷாத்தைத் திட்டினார்கள். வெயிலில் நின்று புலம்பினார்கள். அவன் முக்கால் மணி நேரம் அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.

நவுஷாத் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தான். சரக்கு வண்டிக்காரர்கள் அவனிடம் சாவியைக் கேட்டார்கள். "சாவி என்கிட்டயா?" என்று கேட்டவன், பெரியண்ணன் விரல்களுக்கு நடுவே தெரிந்த வளையத்தைப் பார்த்தான். பிறகு வெளியே திரும்பி, "அஞ்சு நிமிஷம் பொறுங்க, என் தப்புதான்" என்று அவர்களிடம் சொன்னான்.

"ஸ்டார்ட் பண்ண வேணாண்ணே. சாவிய ஒரு தபா திருப்பி ரிவர்ஸ் மட்டும் போடுங்க. பல்பு எரியுதான்னு பாக்கணும்" என்றபடி நவுஷாத் பின்னால் போய் வயரைப் பல்பில் சேர்த்தான்.

எஞ்சின் ஓடவில்லை. வண்டி நகராது. பெரியண்ணன் இதைத் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக் கியரைத் தள்ளினான். கண்ணைத் திறந்தபோது திரை எரிந்துகொண்டிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். சிவப்புக் கோட்டுக்கும் உள்ளே, பம்பரை ஒட்டி ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதுகு வளைந்து, கையால் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"எழுந்திரு! எழுந்திரு! எழுந்திரு!"

பெரியண்ணன் கத்திக்கொண்டே கதவைத் திறந்தான். அது சுவரில் மோதிப் பாதியோடு நின்றது. அந்த இடுக்கில் உடம்பை நுழைத்துப் பிதுங்கி வெளியே விழுந்தான். நவுஷாத் கையில் வயரோடு எழுந்து நின்று மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"இன்னாண்ணே? ஷாக் அடிச்சுச்சா?"

பெரியண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஆறு மாதத்தில் முதல் தடவை. சாமை, ஸ்டெப்னி, மூட்டை, மினி பஸ், சின்னராசுவின் அம்மா. சரக்கு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நவுஷாத் வயரைச் சுற்றி டேப்பை ஒட்டி முடித்தான்.

"அண்ணே, கேமரா நல்ல கேமரா. மழையில கூடத் தெரியும்." கையை நீட்டி, "சாவிய குடுங்க" என்றான். அவனே ஜீப்பைப் பின்னால் எடுத்து, ரோட்டில் மலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் மகேஸ்வரி ரோட்டுக்கே வந்தாள். அவன் வண்டியைப் பின்னால் எடுக்காத விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. காலை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து முன் சீட்டில் ஏறினாள். அந்த வண்டியில் அவள் முன்னால் உட்கார்வது தை மாதத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

"போடுங்க, பாக்கலாம்" என்று திரையைக் காட்டினாள்.

எஞ்சினைக் கிளப்பாமல் ரிவர்ஸ் போட்டான். திரையில் ரோடும் ஒரு கோழியும் தெரிந்தன. அவள் சிவப்புக் கோட்டின் மேல் விரல் வைத்தாள். "நான் இங்கதான் குந்திக்கினு இருந்தனா?"

அவன் தலையாட்டினான்.

"இவ்ளோ கிட்டவா." விரலை எடுத்தாள். "வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு கை சாமைதான் பாக்கி, வாரிட்டு எழுந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீங்களும்தான் ஒண்ணும் கேக்கல."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் அவன் தோளைத் தட்டினாள். "வண்டிய கெளப்புங்க. நீங்க அதப் பாக்க வேணாம். நான் பாத்துச் சொல்றேன்."

ஜீப் பின்னால் நகர்ந்தது. "யாருமில்ல" என்றாள் மகேஸ்வரி. "யாருமில்ல. கோழி. போயிருச்சு. யாருமில்ல." வீட்டு வாசல்வரைக்கும் அவள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் வண்டி நின்றபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் தினமும் கூட வந்தாள். அவள் சொன்னால் அவனால் எடுக்க முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. ஆட்களுக்கும் பழகிவிட்டது. முன் சீட்டில் மகேஸ்வரி உட்கார்ந்து, "யாருமில்ல, யாருமில்ல" என்று சொல்லிக்கொண்டு வருவாள். முதலில் அவளுக்கும் பிடித்திருந்தது. மூன்று மாதம் விட்டத்தையே பார்த்துக் கிடந்தவள் சந்தை பார்த்தாள், கோமுகி அணையில் தண்ணீர் பார்த்தாள். ஆனால் கொல்லை காய்ந்தது. மலை ரோட்டின் ஒவ்வொரு குழியும் இடுப்புக் கம்பியில் இடித்தது. கள்ளக்குறிச்சியில் ஆள் சேரும்வரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அந்தச் சீட்டிலேயே கால் மரத்துக் கிடந்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை அவள் கிளம்பவில்லை. கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு, "நான் வரல" என்றாள்.

"வலிக்குதா?"

"வலிதான் தெனமும் கீதே. அன்னிக்கு நான் சக்கரத்துக்கு அடியில கெடந்தேன். இப்ப வண்டிக்குள்ள கெடக்கறேன். எனக்குக் கொல்லையில வேல கீது."

அவன் தனியாகப் போனான். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும் வழியில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று பாரத்தோடு எதிரே வந்து நின்றது. அந்தப் பாரத்தோடு லாரி பின்னால் ஏற முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. இடம் இவனுக்குப் பின்னால்தான், நாற்பதடி தள்ளி.

ரிவர்ஸ் போட்டான். திரை எரிந்தது. யாருமில்லை. கேமரா சொல்கிறது, அவன் நம்பவில்லை. ஓரடி நகர்த்தி, கை பிரேக்கை இழுத்து, இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில், எங்கும் யாருமில்லை. ஏறினான். இன்னும் மூன்றடி. மறுபடி இறங்கினான். லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். ஜீப்பிலிருந்த ஒருவர், "இதுக்கு நடந்தே போயிரலாம்" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு நிஜமாகவே நடந்து போனார். நாற்பதடி போக பெரியண்ணன் பதினோரு தடவை இறங்கி ஏறினான். லாரி கடந்தபோது டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் அதை மகேஸ்வரியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "பதினோரு தபாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"சரி, எறங்கிப் பாத்துக்கினே வாங்க" என்றாள். மறுநாளும் அவள் வரவில்லை.