அட்டைக்கு அடியில் ஒரு விரற்கடை நீலம்

படப் பட்டறையில் அவளுக்குப் பசைக்காரி என்று பேர். பழைய காகிதப் படங்களின் கிழிசலை ஒட்டுவது, கறை எடுப்பது, என்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுப்பது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. வாய் திறப்பது குறைவு.

அன்று அக்காவும் அத்தானும் கூடத்துப் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அத்தான் ஏலத்தில் எடுத்த இங்கிலாந்து நீர்வண்ணப் படம். ஓர் ஆறு, இரண்டு மரம், மேயும் மாடு, சிவந்த வானம். வருகிறவர்களிடமெல்லாம் "சூரியன் மறையற நேரம்" என்று காட்டுவார். நன்றாகத் தெரியட்டும் என்று படத்துக்கு மேலே ஒரு டியூப் லைட்டும் மாட்டியிருந்தார். பகலிலும் எரியும். "வெளிச்சம் ஆகாது அத்தான்" என்று இவள் ஒருமுறை முணுமுணுத்ததற்கு, "படம் என்ன சேலையா, சாயம் போக?" என்று சிரித்துவிட்டார். இவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

"வானத்துல பழுப்புப் பழுப்பா கறை விழுந்திருக்கும்மா. அத எடுத்துட்டு பழையபடி ஆக்கிக் குடு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்," என்றார் அத்தான்.

"பக்கத்துல ஒருத்தி நிக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் அக்கா. "என் தலைக்கு மேல ஒருநாள் லைட் போட்டிருப்பாரா?"

பசைக்காரி சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, படத்தைச் சுற்றியிருந்த அட்டையைத் தூக்கினாள். அட்டை மறைத்திருந்த ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வானம் நீலமாக இருந்தது. உச்சிவேளை நீலம். மற்ற இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது, நீலம் போனபின் மிஞ்சியது. ஈரப் பஞ்சின் நுனியை மரத்தில் தொட்டுப் பார்த்தாள். பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. கழுவிக் கறை எடுக்கவும் வழியில்லை.

அத்தான் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானமா இது?"

"ஆமா அத்தான்."

"லைட்டாலயா?"

அவள் பஞ்சை மடித்தாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"உன்கிட்ட கலர் இருக்குல்ல, கொஞ்சம் நீலம் போட்டுடேன்."

"போட்டா அது நான் வரைஞ்ச படம் அத்தான்."

"சரி. இந்த ஓரமாவது வெளிய தெரியற மாதிரி சட்டம் போடு."

"தெரிஞ்சா இதுவும் போயிடும். மூடி வெச்சாத்தான் நிக்கும்."

மதிப்புச் சீட்டில் 'அசல்' என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் 'வண்ணம் பெரிதும் இழந்தது' என்று எழுத வேண்டும். எழுதாமல் பேனாவை மூடினாள். அட்டையை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் அத்தான். மேஜை விளக்கைத் தன் பக்கம் இழுத்து ஓரத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு குனிந்தார். அக்கா இவள் முகத்தைப் பார்த்தாள். போதும் என்று சொல்லவேண்டியவள் இவள்தான். அட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.