வீராயி உருட்டிய கல்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில், வாய்க்காலின் முதல் தண்ணீர் யாருக்கு என்பதைக் கடவுள்தான் முடிவு செய்துவந்தார். வருசத்துக்கு ஒருமுறை, கரைச் சரிவின் உச்சியிலிருந்து மேலத்தெரு ஒரு கல் உருளையையும், கீழத்தெரு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் உருட்டிவிடும். எது முதலில் கீழே வருகிறதோ அந்தத் தெருவுக்கு முதல் தண்ணீர். கல், கோயில் களத்துக் கல். கீழத்தெருக்காரர் கை அதில் படக் கூடாது.

முப்பது வருசமாகக் கல்லே வென்றது. எடைதான் போதவில்லை என்று நினைத்த கீழத்தெரு, மேலும் மேலும் கனத்த பட்டையாகத் தேடிப் பிடித்தது. கடைசியில் மூன்று ஆள் தூக்கும் பட்டை வந்து, அதுவும் தோற்றது. தூக்கியவர்களுக்கு இடுப்புப் பிடிப்புதான் மிச்சம். கடைசித் தண்ணீர் வருவதற்குள் கீழத்தெரு வீராயியின் அரைக் காணி நாற்று ஒவ்வொரு வருசமும் கருகிப்போகும்.

நாற்பது வயது வீராயி, திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் பௌதிக அறையைப் பெருக்கித் துடைப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது; எதையும் சும்மா ஒப்புக்கொள்ளவும் தெரியாது. 1958 தொடக்கத்தில் ஒரு நாள், சகாயம்மாள் டீச்சர் சாய்ந்த பலகையில் பித்தளை வளையத்தையும் சின்ன மரக்கட்டை உருளையையும் உருட்டிக் காட்டினார். கட்டை முந்தியது.

"டீச்சரம்மா, வளையந்தானே கனம்? அது எப்படித் தோக்கும்? இன்னொரு தரம் உருட்டுங்க."

பன்னிரண்டு தரம் உருட்டியாயிற்று. சகாயம்மாள் சிரித்தார்.

"கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வீராயி. கீழ இறங்கும்போது கிடைக்கிற சக்திய ரெண்டாப் பங்கு போடணும். முன்னால ஓடுறதுக்கு ஒரு பங்கு, தன்னைத்தானே சுத்துறதுக்கு ஒரு பங்கு. வளையத்துக்கு உடம்பு பூரா விளிம்புலயே இருக்கு. சுத்துறதே பாதியத் தின்னுடும். கட்டைக்கு மூணுல ஒரு பங்கு போதும், மிச்சமெல்லாம் ஓட்டத்துக்கு."

"வளையம் பெருசா இருந்தா?"

"மலை மாதிரி இருந்தாலும் பாதிதான்."

வீராயி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அடப் பாவிகளா! முப்பது வருசம்!"

அந்த ஆனி மாதம், கரையில் இரண்டு தெருவும் கூடியிருந்தது. வாய்க்கால் ஓவர்சியரும் வந்திருந்தார். வீராயி நேரே மேலத்தெருப் பெரியதனக்காரர் அழகர்சாமியிடம் போனாள்.

"ஐயா, ஜெயிக்க வைக்கிறது சாமிதானே?"

"அதுல உனக்கென்ன சந்தேகம்?"

"அப்ப எதை உருட்டினா என்னங்க? இந்த வருசம் பட்டைய நீங்க உருட்டுங்க. கல்ல நாங்க உருட்டுறோம்."

"ஏய்! அந்தக் கல்ல நீ தொடுறதா?"

"தொடக் கூடாதுங்களா? அப்ப ஓவர்சியர் ஐயா காதுல விழுற மாதிரி கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. தீண்டாமை குத்தம்னு மூணு வருசமாச் சட்டம் இருக்காமே?"

ஓவர்சியர் இருமினார். அழகர்சாமி அந்தப் பிரமாண்டமான பட்டையைப் பார்த்தார், சின்னக் கல்லைப் பார்த்தார்.

"எதை உருட்டினாலும் சாமி எங்க பக்கந்தான். உருட்டுங்கடா!"

கல் கீழே வந்து சேர்ந்தபோது, பட்டைக்கு இன்னும் கால்வாசிச் சரிவு பாக்கி.

"கூழாங்கல் தடுத்துடுச்சு" என்றார் அழகர்சாமி. சரிவைப் பெருக்கி மறுபடி உருட்டினார்கள். "எதிர்க்காத்து." காற்று நின்றதும் மூன்றாவது தரம். பட்டை மூன்று தரமும் கால்வாசி பின்தங்கியே வந்தது. அந்த வருசம் வீராயியின் நாற்று கருகவில்லை.

மறுவருசம் ஆனிக்கு முன்பே மேலத்தெரு அவசரமாகக் கூட்டம் போட்டது. உருட்டிப் பார்த்துத் தண்ணீர் விடுவது மூடப்பழக்கம், வருசத்துக்கு ஒரு தெரு என்று முறை வைப்பதே அறிவு என்று அழகர்சாமி முழங்கினார். எழுந்து கைதட்டியவள் வீராயி.

"ரொம்பச் சரிங்கய்யா. முறைதான் நியாயம். ஆனா முப்பது வருசம் நீங்களே முதல் தண்ணி பாய்ச்சிட்டீங்க. எங்க முப்பதையும் முடிச்சிட்டு முறைய ஆரம்பிச்சிடுவோமா?"

தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த ஓவர்சியரின் பேனா நின்றது. அன்று முழுக்கப் பேரம் நடந்து, முப்பது ஐந்தில் வந்து நின்றது. அந்த ஐந்து வருசமும் முதல் மடையை வெட்டிவிட்டவள் வீராயிதான். சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை என்று மடை வெட்டும் நாளைக்கு மட்டும் கல்லூரிக்கு லீவு போட்டுவிடுவாள்.