மாமியார் அளந்த மடாலயம்

முப்பது வருஷம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த என் மாமியாருக்கு ஒருநாளாவது சரித்திரத்தைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கொரு வீம்பு. மலையிறங்கி, மொணராகலைப் பக்கம் இடிந்துகிடக்கும் பழைய பௌத்த மடாலயத்துக்குக் கூட்டிப்போனேன்.

தாமரைக் குளத்தையும் பூந்தோட்டத்தையும் ஒரே பார்வையில் முடித்துவிட்டார். வரிசையாக, ஒரே அளவில், அறைக்கொரு வாசலோடு இருந்த கல் அறைகளின் முன்னால்தான் நின்றார்.

"தோட்டத்துல நாங்க குடியிருந்த லயம் மாதிரியே இருக்கு மாப்பிள்ளை."

"இல்லைங்க அத்தை, பிக்குமாருங்க தங்குன இடம்," என்றேன். எல்லாவற்றையும் துறந்தவர்கள், அறைக்கு ஒருவராகத் தனிமையில் வாழ்ந்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் இருந்ததை, குரலில் கொஞ்சம் பக்தியும் சேர்த்துப் படித்துக் காட்டினேன்.

அவர் ஓர் அறைக்குள் இறங்கி, நீளத்தையும் அகலத்தையும் காலடி வைத்து அளந்தார்.

"எங்க லயத்துக் காம்பரா அளவுதான். அதுல நாங்க எட்டு பேரு."

வெளியே வந்து சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டபடி கேட்டார்: "ஒத்த ஆளுக்கு முழுசா ஒரு காம்பரா. அப்புறம் என்னத்தங்க மாப்பிள்ளை துறந்தாங்க?"

பலகையை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.