வீப்ரென் படித்துக் காட்டிய பனிக்கட்டி நோட்டு

வீப்ரெனுக்கு எழுபத்திரண்டு வயது. அதில் நாற்பத்து மூன்று வருஷக் குளிர்காலங்களைக் கால்வாய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் தடிமனை அளந்தே கழித்தவர். பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் சறுக்குப் பந்தயத்துக்கு, ஊர்ப் பாலத்திலிருந்து காற்றாலை வரையிலான பனிக்கட்டி அவர் பொறுப்பு. பதினைந்து சென்டிமீட்டர் உறைந்தால்தான் பந்தயம். அது கடைசியாக நடந்தது தொண்ணூற்றேழில். அதற்கப்புறம் குளிர் இதோ வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டே இருக்கிறது, இவரும் பதவியை விட்டபாடில்லை.

பரணில் இருபது கம்பளம் வேறு. பனிக்கட்டி மெலிந்த இடத்தில் வீரர்கள் கரையேறி, சறுக்குக் காலணியோடே நடந்துபோக விரிப்பவை.

"அந்தக் கந்தலத் தூக்கிப் போடேன். பூச்சியெல்லாம் தின்னு கொழுத்துப் போச்சு" என்பாள் மனைவி ஃபெம்கே.

"அடுத்த வருஷம் உறையும்டி."

"நம்ம பேத்தி பிறந்தப்பவும் இதையேதான் சொன்ன. அவ இப்ப கார் ஓட்டுறா."

பூமி சூடாகிறது என்று யாராவது சொன்னால் போதும், வீப்ரெனுக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாராவாரம் கடிதம் எழுதுவார். பல்கலைக்கழகத்திலிருந்து மார்லேன் என்ற ஆராய்ச்சிக்காரி ஊர் மன்றத்தில் பேச வருகிறாள் என்றதும், கடிதத்திலேயே சவால் விட்டார்: 'பனிக்கட்டி அளவு எழுதிய என் நோட்டை அவள் முன்னால் முழுசாகப் படிக்கிறேன். அவள் வாயை அடைக்காவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன்.'

மனிதர் செய்த ஒரே தப்பு, அந்த நோட்டை ஒருநாளும் திருப்பிப் பார்க்காததுதான். அன்றன்றைக்கு அளப்பார், எழுதுவார், மூடிவைப்பார்.

மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனிக்கட்டி எட்டிய உச்சத் தடிமனை வீப்ரென் முழங்கினார். "எண்பத்தஞ்சு, இருபது! எண்பத்தாறு, பதினெட்டு!" கைதட்டல். நடுவில் சில வருஷங்கள் காலை வாரின. தொண்ணூற்றேழில் குரல் மறுபடி ஏறியது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் இறங்கிவிட்டது. ஆறு. நாலு. பன்னிரண்டாம் வருஷத்துக்குப் பதினாலு வந்ததும் "பாத்தீங்களா!" என்று மேசையைக் குத்தினார். பக்கத்தைப் புரட்டினார். மூணு. சுழி. ரெண்டு. சுழி. சுழி.

மார்லேன் சர்க்கரை ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

ரொட்டிக்கடை ஹில்கேவுக்கு நண்பனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுய்யா, வயசாச்சு. கண்ணு சரியாத் தெரியாம கொறச்சு எழுதியிருப்ப."

"என்னடா சொன்ன?" வீப்ரெனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குப்புறப் படுத்து, மூக்கு தண்ணில முட்ட முட்ட அளந்தவன்டா நான்! இதுல ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் கிடையாது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவமானத்தைவிட அவருக்குத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. இனி தன் காலத்தில் பந்தயம் இல்லை. சவால் விட்டபடி பதவியை விட்டதாகச் சொல்லிவிட்டு, நோட்டை மார்லேன் பக்கம் தள்ளினார்.

"நகல் எடுத்துக்கிட்டு இப்பவே குடுத்துரும்மா. நாளைக்கு வேணும்."

வீட்டுக்கு வந்ததும் தானே பரணில் ஏறி, கம்பளங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். ஃபெம்கே தும்மிக்கொண்டே பிடித்தாள்.

"பதவியத்தான் விட்டாச்சே, நோட்டு எதுக்கு?"

"அளக்குற வேலை ஹில்கே கையில போச்சுன்னா அவ்வளவுதான். நல்ல மனசுக்காரன், நமக்காக அஞ்சு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டுருவான்."

மறுநாள் காலையில் துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க்குப் போனார். வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்துவிட்டுச் சுழி என்று எழுதினார்.