பாலன் சுமந்த தண்ணீர்

பாலனின் மனைவி தேவகியின் அழைப்பு வந்தபோது நான் மெல்பேர்ன் புறநகரான மல்கிரேவில் மகளின் வீட்டுக் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, இவர் எழும்பேல்லை," என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. குளிருக்கு ஆள் கொஞ்சம் கூடப் படுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "எழுப்பிப் பாரன் பிள்ளை," என்றேன். "எத்தினை தரம் எழுப்பிப் பார்த்திட்டன் அண்ணை," என்றாள். அதற்குப் பிறகுதான் பாலன் போய்விட்டார் என்று எனக்கு உறைத்தது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். பாலனோடு படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர்களும், கோயில் மடப்பள்ளியில் அவரோடு நின்று சமைத்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவருடைய பகிடிகள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேவகி வந்த நாளைப் பற்றி அவர் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டார். அதை நான் சொல்கிறேன்.

மெல்பேர்னுக்குக் கிழக்கே மலையில் ஓர் அப்பிள் தோட்டத்தில் பாலன் வேலை செய்தார். தோட்டத்தின் மேல்மூலையில் இருந்த பழைய மரவீட்டை முதலாளியம்மா அவருக்கு இருக்கக் கொடுத்திருந்தார். அங்கே மின்கம்பியும் இல்லை, நகரத்துத் தண்ணீரும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு கொட்டில். அதன் கூரையில் விழும் மழை பக்கத்தில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தாங்கியில் சேரும். அங்கிருந்து வாளியில் அள்ளி வரவேண்டும். தனி ஆளாக இருந்தவரை அதை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. விசா நிரந்தரமாகி, தேவகி வருவது உறுதியானதும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இருவரும் நெடுந்தீவுக்காரர். நல்ல தண்ணீருக்காகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வளர்ந்தவள் தேவகி. "இங்க வந்தால் நீ தண்ணி சுமக்கமாட்டாய்" என்று வருடக்கணக்காக அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தவர் பாலன். அவள் வருவதோ ஆடி மாதம், இங்கே கடும் குளிர்காலம்.

"அண்ணை, அவள் வரேக்க குசினிக்குள்ள தண்ணி வரவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்று என்னைக் கூப்பிட்டார். ஊரில் நான் தோட்டக் கிணறுகளுக்குப் பம்பு பூட்டித் திரிந்தவன்.

இங்கே பம்பு தேவைப்படவில்லை. தாங்கி மேட்டில், வீடு பள்ளத்தில். தண்ணீர் தானாக இறங்கும். தாங்கியின் அடியிலிருந்து கறுப்புக் குழாயை இழுத்துக் குசினிச் சுவரால் உள்ளே விட்டு, நுனியில் திறந்து பூட்டுகிற பைப் ஒன்றைப் பொருத்தினோம். நிலம் கல்லாக இருந்தபடியால் குழாயைப் புல்லின்மேலேயே போட்டோம். பைப்பைத் திறந்ததும் காற்று துப்பித் துப்பிக் கடைசியில் தண்ணீர் தெளிவாக வந்தது. பாலன் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு உடனே இறுக்கிப் பூட்டினார்.

முதலாளியம்மா வந்து பார்த்தார். உறைபனி விழும் இரவுகளில் பைப்பை நூலளவு ஓடவிடும்படியும், ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்றும் சொன்னார். பாலன் தலையாட்டினார். அம்மா போனபின் என்னைப் பார்த்தார்.

"விடிய மட்டும் தண்ணியைச் சும்மா ஓட விடுறதோ? என்ர அம்மா அறிஞ்சால் செத்திடுவா."

"அவ செத்து எவ்வளவு காலமடா."

"அதுதான் அண்ணை, திரும்பவும் செத்திடுவா."

சிரித்தோம். எனக்கும் அவர் சொன்னதே சரியாகப் பட்டது. எங்கேயாவது பைப் சொட்டுகிற சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பூட்டாமல் எங்களால் படுக்க முடியாது.

தேவகி வருவதற்கு முதல்நாள் இரவு நானும் அங்கேயே தங்கினேன். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை. இரவு இறுக்கிப் பூட்டிய பைப்பைத் திறந்தால் சத்தமே இல்லை. உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் இரும்புக் கம்பிபோல் விறைத்துக் கிடந்தது. பித்தளை இணைப்பு வெடித்திருந்தது. புதியது வாங்கிப் பூட்ட நேரம் இல்லை. விமான நிலையத்துக்குப் போகவேண்டும்.

பாலன் படியில் குந்தினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எழும்பி, இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். தாங்கியின் மூடியைத் திறந்து, மேலே படிந்திருந்த பனிக்கட்டியைத் தட்டி உடைத்து அள்ளினார். சட்டி, பானை, கேத்தில், பழம் பறிக்கிற வாளி, எல்லாம் நிறைந்தன. நானும் கூடச் சுமக்கப் போக, "நீங்கள் இருங்கோ அண்ணை. அவள் சுமக்கக்கூடாது எண்டுதானே சொன்னனான். நான் சுமக்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே," என்றார்.

பின்னேரம் தேவகி உள்ளே வந்தாள். குசினி முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரங்கள்.

"இதென்னப்பா, ஊரையே கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?"

பாலன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். குளிரில் சிவந்து வெடித்திருந்தன. அவற்றை இழுத்துத் தன் சால்வைக்குள் வைத்தாள். "தண்ணி காணும். இனி அள்ளாதேங்கோ. பக்கத்தில இருங்கோ," என்றாள். நான் விறகு பார்க்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு ஆழமாகக் கிடங்கு வெட்டிக் குழாயைத் தாட்டோம். வெளியே தெரிகிற இடங்களை ஆட்டுக் கம்பளியாலும் சாக்காலும் சுற்றினோம். குளிர் கூடிய இரவுகளில் பாலன் பைப்பை நூலளவு திறந்துவிட்டார், அடியில் ஒரு பெரிய வாளியும் வைத்து. விடிந்ததும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தாங்கிக்குள்ளேயே ஊற்றுவார்.

"உனக்கென்ன விசரோ? இறங்கின தண்ணியைத் திரும்ப ஏத்துறாய்," என்று கேட்டேன்.

"பாவம், இரவிரவா நடந்து வந்தது. அதின்ர வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

அவர் போன செய்தி கேட்டு அன்றே மகளோடு மலைக்கு வந்தேன். வீடு நிறைய ஆட்கள். குசினிக்குள் பைப் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. தேவகி பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

"படுக்கப் போகேக்க இவர் திறந்துவிட்டது அண்ணை. பூட்ட மனம் வரேல்லை."

நான் பூட்டவில்லை. வேறு வாளி ஒன்றை வைத்துவிட்டு, நிறைந்ததைத் தூக்கினேன். மேடு ஏறுவதற்குள் இரண்டு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். பாலன் ஒருநாளும் இறக்கி வைத்ததில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை நானும் மகளும் இங்கேதான் நிற்கிறோம். அதற்குப் பிறகும் குளிர் இருக்கும். நான் திரும்பத் திரும்ப வருவேன். பாலன் அவளுக்குக் கொடுத்த சொல்லை இனி நான் கையேற்றிருக்கிறேன். விடிய வாளி நிறைந்திருக்கும். அதைத் தேவகி தூக்கக்கூடாது.